வெயில் காயும் பேய்

‘லெமூரியாக் கண்டத்தில் வாழ்ந்ததால்தான் லெமூர் என்று பெயரா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கதை தலைகீழ். லெமூர், மடகாஸ்கர் தீவில் வாழும், குரங்குக்குத் தூரத்து உறவான விலங்கு. அந்த விலங்கின் பெயரைத்தான், ஒரு காலத்தில் மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்திருந்து, பின்னர் கடலில் மூழ்கியதாகத் தாம் கருதிய நிலத்துக்கு 1864இல் சூட்டினார் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த நிலத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. நம் மேடைகளில் மட்டும் அது இன்னும் மூழ்கவில்லை.

அமைதியின்றி அலையும் ஆவிகளைப் பண்டைய ரோமானியர்கள் ‘லெமுரெஸ்’ என்றார்கள். மே 9, 11, 13 நள்ளிரவுகளில் குடும்பத் தலைவர் வெறுங்காலுடன் நடந்து, திரும்பிப் பாராமல் கறுப்பு அவரைக் கொட்டைகளைப் பின்னால் வீசி அவற்றை விரட்டுவார். திருஷ்டி கழிக்கும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. 1754இல் அந்தச் சொல்லை விலங்குக்கு வைத்தவர், உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ். ஒளிரும் கண்ணே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் சொன்னதோ வேறு: இரவில் உலவுகின்றன, ஓரளவு மனிதச் சாயல் கொண்டவை, மெல்ல நடக்கின்றன. அப்போது அவர் மனத்தில் இருந்தது மடகாஸ்கர் விலங்கே அன்று, தேவாங்கு! பிற்பாடு தேவாங்கு வேறு பேரினத்துக்குப் போய்விட, பேய்ப் பெயர் வரிவால் லெமூரிடம் தங்கிவிட்டது. அதுவோ பகலில் நடமாடும்; காலையில் கைகளை விரித்து வயிற்றை வெயிலுக்குக் காட்டி உட்காரும்.

ஆனாலும் கண்ணை விட்டுவிட எனக்கு மனமில்லை. கண்ணுக்குள் நுழையும் ஒளியில் ஒரு பகுதி, விழித்திரையின் ஒளியுணர் செல்களில் சிக்காமல் தப்பிவிடும். நம் கண்ணில் அதைப் பின்னாலுள்ள கறுப்பு நிறமி விழுங்கிவிடும். லெமூர்கள் பலவற்றுக்கும் தேவாங்குக்கும் அங்கே கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு உண்டு. தப்பிய ஒளி அதில் பட்டுத் திரும்பி, அதே செல்களை மீண்டும் கடக்கும். அப்போதும் பிடிபடாத மிச்சம்தான் பாவை வழியே வெளியேறி, டார்ச் அடிக்கும் நம்மை மிரட்டுகிறது. இவற்றின் உறவான ஆப்பிரிக்கக் கலாகோவின் கண்ணில் அந்த அடுக்கு எதனால் ஆனது தெரியுமா? ரைபோஃப்ளேவின் படிகங்களால், வாய்ப்புண்ணுக்கு மருத்துவர் எழுதித் தரும் பி2 வைட்டமின்! அது நீல ஒளியை விழுங்கி மஞ்சள்பச்சையாக உமிழவும் வல்லது. திரும்பும் ஒளி சற்றே சிதறுவதால் உருவத்தின் கூர்மை குறையும். இருட்டில் அது கட்டுப்படியாகும் விலைதான்.

இந்தக் கண்ணில் மருந்தும் மாந்திரீகமும் இருப்பதாக நம்பித் தேவாங்கைப் பிடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. மடகாஸ்கரிலும் ஐ-ஐ என்ற லெமூரை அபசகுனம் என்று கொல்கிறார்கள். 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. எல்லைக்கல் நட்டதோடு நின்றுவிடாமல், சிவப்பு விளக்கோடு இரவெல்லாம் முட்காட்டில் தேவாங்கைத் தேடும் ஆய்வு மாணவர்களுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம்.