புது லைப்ரரியா? முதலில் தேவையைச் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மூன்று கல்லூரி மாணவர்கள் போன மாதம் என்னைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்தார்கள். தமிழ் எழுத்துகளுக்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு யூட்டிலிட்டி லைப்ரரி, அதாவது மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு தொகுப்பு, எழுதியிருந்தார்கள். மொத்தம் ஆறு ஃபங்ஷன், ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும் சின்னப் பகுதி. "அண்ணா, இதை ஓப்பன் சோர்ஸ் குழு ஒண்ணுகிட்ட கொடுக்கப் போறோம். எழுதின புரோகிராம் கோடை ஒருதடவை பாத்துடுங்க" என்றார்கள். ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லோரும் பார்த்து, எடுத்துப் பயன்படுத்தத் திறந்துவைத்த கோடு.

நான் லேப்டாப்பைத் தொடவில்லை. "இது யாருக்குத் தேவைப்படுது தம்பி?" என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான். தேதிகளைக் கையாள ஒரு லைப்ரரியை மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக எழுதி, ஒரு குழுவுக்கு மொத்தமாக அனுப்பினேன். "எங்களிடம் இருப்பதில் எது போதவில்லை?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்களிடம் என்ன இருக்கிறது என்றே நான் பார்த்திருக்கவில்லை.

குழு தயங்குவதற்குக் காரணம் உண்டு. நமக்கு எழுதி முடித்ததோடு வேலை தீர்ந்தது. ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு அன்றுதான் தொடங்குகிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜை எழுதியவரே என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், அதை நம்பியிருந்த ஏராளமான புராஜெக்ட்டுகளின் பில்டு உடைந்தது, அதாவது அவற்றை உருவாக்கி முடிக்க முடியாமல் போனது. 2024-இல் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் மோசம். எக்ஸ்இசட் என்பது ஃபைல்களைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதைப் பல வருடம் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்திருந்த நேரத்தில், உதவ வந்ததுபோல் ஒருவர் உள்ளே நுழைந்து, கணினிகளுக்குள் ரகசியமாகப் புக ஒரு பின்வாசல் வைத்துவிட்டார். சின்ன லைப்ரரிதானே என்று யாரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சரி, மாணவர்களிடம் வருவோம். ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். முதலாவது, எழுத்துகளை எண்ணுவது. 'புதுச்சேரி'யில் நமக்கு ஐந்து எழுத்து. நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் பத்து என்கிறது, ஏனென்றால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். நல்ல பிரச்சினைதான். ஆனால் ஓப்பன்-தமிழ் லைப்ரரி இதை ஏற்கெனவே செய்கிறது.

அடுத்தது அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் 'ந'வுக்கு அடுத்தே 'ன' இருப்பதால், சாதாரணமாக வரிசைப்படுத்தினால் கனகா முதலிலும் கமலா பின்னாலும் வருவார்கள். நம் அகராதியில் கமலாதான் முன்னால். இதையும் ஐசியு என்ற யூனிகோடு லைப்ரரி சரியாகச் செய்கிறது. 'கொ'வை இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம், மூன்றாகவும் அடிக்கலாம், கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டையும் ஒன்றாக்க பைத்தானிலேயே வழி இருக்கிறது. அப்புறம் இரண்டு ஃபங்ஷனை அவர்களே வேண்டாம் என்று அழித்தார்கள்.

மிஞ்சியது ஆறாவது. மாணவர் ஒருவரின் அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கிறார். உறுப்பினர் பட்டியலை வரிசைப்படுத்தினால் 'எஸ். கமலா' எகரத்தில் போய் உட்காருகிறார், 'க. வள்ளி' ககரத்தில். இனிஷியலை ஒதுக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்து வரிசைப்படுத்த வேண்டும். அதை அந்த அம்மா கையால் செய்துகொண்டிருந்தார். இதைச் செய்து தரும் எதையும் நாங்கள் தேடிய இடங்களில் பார்க்கவில்லை.

"இதான் தம்பி உங்க முன்மொழிவு" என்றேன். புது லைப்ரரி வேண்டாம், இருக்கிற ஒன்றில் ஒரு ஃபங்ஷனாகச் சேரட்டும்.

சி++ என்ற கணினி மொழிக்கான லைப்ரரிகளின் பூஸ்ட் தொகுப்பில் புது லைப்ரரி சேர, இதில் ஆர்வம் இருக்கிறதா என்று மற்றவர்களிடம் கேட்பதுதான் தொடக்கப் படி. அதற்குப் பிறகே முறையான ரெவ்யூ. எந்தக் குழுவுக்கும் இந்த வரிசை பொருந்தும் என்பது என் அனுபவம். அதனால் எழுதிய கோடை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பக்கம் எழுதினோம்: எந்த வேலை தடைப்படுகிறது, இப்போது இருப்பவை எங்கே நின்றுவிடுகின்றன, பெயர்களை மாற்றிய ஒரு மாதிரிப் பட்டியல், படிப்பு முடிந்த பிறகும் பிழை வந்தால் யார் பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இருவர் பொறுப்பேற்றார்கள். மூன்றாமவர் தன்னால் முடியாது என்று நேராகச் சொன்னார், அதை நான் மதிக்கிறேன்.

லைசென்ஸையும் மறந்திருந்தார்கள். லைசென்ஸ் இல்லாத கோடு, கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டாலும், பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது. அனுமதியில்லாமல் அடுத்தவர் அதைத் தன் புராஜெக்ட்டில் சேர்க்க முடியாது. சேரப்போகும் லைப்ரரியின் லைசென்ஸையே வைக்கச் சொன்னேன்.

அனுப்பிய நான்காம் நாள் பதில் வந்தது, ஒரு கேள்வியாக: இனிஷியல் பெயருக்குப் பின்னால் வந்தால், 'கமலா எஸ்.' என்று இருந்தால் என்ன செய்யும்? மாணவர்கள் இப்போது அதற்கான டெஸ்ட்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.