ஸ்டார், தாரகை, திரைமீன்: ஒரு சொல்லும் ஒரு நடிகையும்

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பது, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்க." பெயரும் நட்சத்திரமும் அங்கே சேர்ந்தே வரும். சினிமாவில் நாம் சொல்லும் நட்சத்திரத்துக்கும் பெயரோடு அப்படி ஓர் ஒட்டு உண்டு. அது எப்படி ஒட்டியது என்று தெரிந்தால்தான் ஸ்டார் என்ற சொல்லுக்குச் சரியான தமிழ் எது என்று பேச முடியும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்து ஸ்டார், கிரேக்கத்து ஆஸ்டர், லத்தீனின் ஸ்டெல்லா, சமஸ்கிருதத்தின் தாரா எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. தாராவின் வழியில் வந்த தாரகை நமக்குப் பழகிய சொல். யாழ்ப்பாணத்தில் 1841இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய இதழுக்கு 'உதயதாரகை' என்றுதான் பெயர். ஆகவே ஒரு நடிகையைத் 'திரைத் தாரகை' என்று எழுதுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, ஸ்டாரின் தூரத்து உறவைத்தான் கூப்பிடுகிறார்.

ஆங்கில நாடக மேடையில் பெரிய நடிகர்களை ஸ்டார் என்று சொல்லும் பழக்கம் சினிமா பிறப்பதற்கு வெகு முன்பே இருந்தது. சினிமாவுக்கு அது உடனே வந்துவிடவில்லை. ஏனென்றால் தொடக்கக் காலத் திரையில் நடித்தவர்களுக்குப் பெயரே கிடையாது. படத்தில் நடிகர் பட்டியல் வராது, விளம்பரத்திலும் வராது. ஒரு ரீல், பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் படம். அதை விற்பது கம்பெனியின் பெயர். அமெரிக்காவில் பயோகிராஃப் படம், வைட்டாகிராஃப் படம் என்று கம்பெனியைக் கேட்டுத்தான் ஜனங்கள் உள்ளே போனார்கள். பெயர் தெரிந்தால் நடிகர்கள் கூலியை ஏற்றிக் கேட்பார்கள் என்ற பயம் முதலாளிகளுக்கு. நாடக நடிகர்கள் பலருக்கோ, இந்த ஊமைப் படங்களில் தலைகாட்டுவது வெளியே தெரியாமல் இருந்தால் நல்லது என்ற எண்ணம்.

அந்தப் பெயரில்லாத கூட்டத்தில் ஒருவர் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். 1886இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஃப்ளாரன்ஸ் பிரிட்ஜ்வுட். தாயார் ஒரு நாடகக் குழுவை நடத்தியவர். மேடையில் லோட்டா லாரன்ஸ் என்று அழைக்கப்பட்டார். சிறு வயதிலேயே மேடையேறிய மகளுக்கும் அந்த மேடைப்பெயர்தான் வந்து சேர்ந்தது. எடிசன் கம்பெனி, அப்புறம் வைட்டாகிராஃப் என்று சுற்றி, 1908இல் பயோகிராஃப் கம்பெனிக்கு வந்தார். அங்கே இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித். வாரத்துக்கு 25 டாலர் சம்பளம்.

படம் பார்த்தவர்களுக்கு அந்த முகம் பிடித்துப்போனது. யார் இவர் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். கம்பெனி வாய் திறக்கவில்லை. சரி, பெயர் தெரியாவிட்டால் என்ன என்று ஜனங்களே ஒன்று வைத்துக்கொண்டார்கள்: 'பயோகிராஃப் பெண்'. எனக்கு இந்தக் கதையிலேயே மனத்தைத் தொடும் இடம் இதுதான். வானத்தில் எண்ணிலடங்காதவை மினுங்கினாலும், மனிதர்கள் தினமும் அண்ணாந்து பார்த்துப் பழகிய சிலவற்றுக்குத்தான் பெயர் வைத்தார்கள். திரையிலும் அதுவே நடந்திருக்கிறது.

1909இல் பயோகிராஃபை விட்டு வெளியே வந்த ஃப்ளாரன்ஸை, ஐ.எம்.பி. என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கியிருந்த கார்ல் லெம்லி சேர்த்துக்கொண்டார். 1910 தொடக்கத்தில் ஒரு வதந்தி: பயோகிராஃப் பெண் டிராம் விபத்தில் இறந்துவிட்டார்! மார்ச் மாதம் ஒரு சினிமாத் தொழில் இதழில் லெம்லியின் கம்பெனி விளம்பரம் கொடுத்தது. அது பொய், நடிகை நலமாக இருக்கிறார், எங்கள் அடுத்த படங்களில் அவரைப் பார்க்கலாம் என்று அவருடைய புகைப்படத்தையும் பெயரையும் போட்டது. வதந்தியைக் கிளப்பியதே லெம்லிதான் என்றுதான் சினிமா வரலாறு எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். அதோடு நிற்காமல் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அவரை நேரிலும் அனுப்பினார்கள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பெண்ணைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. வேறு சில கம்பெனிகளும் அதே சமயத்தில் தங்கள் நடிகர்களின் பெயர்களை வெளியிடத் தொடங்கியிருந்தன. இருந்தாலும் 'முதல் திரை நட்சத்திரம்' என்ற பட்டம் ஃப்ளாரன்ஸுக்கே நிலைத்துவிட்டது.

ஸ்டார் என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் இங்கேதான் கெட்டிப்பட்டது. நன்றாக நடிக்கிறவர் எல்லாரும் ஸ்டார் இல்லை. கதாநாயகி வேடம் போட்டவரும் ஸ்டார் ஆகிவிட மாட்டார். கம்பெனிப் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரால் ஒரு படத்தை ஓட்டக்கூடியவரே ஸ்டார். அதனால் 'முன்னணி நடிகர்', 'புகழ்பெற்ற நடிகை' என்று மொழிபெயர்ப்பது பாதிக் கிணறுதான் தாண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? நட்சத்திரம் வடமொழியிலிருந்து வந்தது. எல்லா விண்மீனுக்கும் பொதுப்பெயராக இருந்து, பின் சந்திரன் தங்கிச் செல்லும் இருபத்தேழையும் குறித்து, சினிமாவுக்கும் வந்தது. பழந்தமிழில் அந்த இருபத்தேழுக்கு 'நாள்மீன்' என்று பெயர், கோள்களுக்குக் 'கோள்மீன்'. பட்டினப்பாலையில் 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று இரண்டும் ஒரே அடியில் வருகின்றன. மின்னுவதால் மீன், மின் என்ற வேர் நீண்டது. கார்த்திகைக்கு அறுமீன், அருந்ததிக்கு வடமீன் என்று பெயரிட்டுப் பார்த்தவர்கள் நம் முன்னோர்.

வானத்தில் இருப்பதற்கு விண்மீன் என்ற சொல்லே போதும். ஆனால் நடிகரை விண்மீன் என்றால் ஒட்டவில்லை, 'விண்' அதை மேலேயே பிடித்துவைத்திருக்கிறது. நாள்மீன், கோள்மீன் போன அதே தடத்தில் 'திரைமீன்' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. முதலில் கேட்கிறவருக்குக் கடல்மீன் நினைவுக்கு வரலாம். வடமீனுக்கும் அந்த ஆபத்து இருந்தது, ஆனாலும் புரிந்துகொண்டார்கள். பேச்சில் நட்சத்திரம் வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்க வேண்டியதில்லை. 'ஸ்டார் வேல்யூ' என்பதற்கு மட்டும் 'பெயர்மதிப்பு' என்று எழுதிப் பாருங்கள், விஷயம் அப்படியே வந்துவிடும்.

ஃப்ளாரன்ஸின் பெயர்மதிப்பு நெடுநாள் நிற்கவில்லை. 1912இல் கணவரோடு விக்டர் என்ற சொந்தக் கம்பெனி கண்டார். கார்ப் பிரியர், வண்டி திரும்புவதைக் காட்டும் கைகாட்டி ஒன்றைத் தானே வடிவமைத்தவர், காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். முதல் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் படப்பிடிப்பில் தீ விபத்து. காயம்பட்டுக் கீழே விழுந்தவர் பழையபடி நடிக்க வரவே முடியவில்லை. 1930களில் எம்.ஜி.எம். கம்பெனியில் சின்னச் சின்ன வேடங்கள், பெரும்பாலும் பட்டியலில் பெயர் வராத வேடங்கள். நோயோடு போராடி, 1938 டிசம்பரில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார்.

ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைந்த இடத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பெயர்ப்பலகை இல்லை. 1991இல் நடிகர் ராடி மெக்டவால் செலவில் ஒரு கல் பதித்தார்கள். அதில் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ் என்ற பெயரும், கீழே இரண்டு வரியும் இருக்கின்றன: பயோகிராஃப் பெண், முதல் திரை நட்சத்திரம்.