மார்ஷல் என்றால் போலீஸ்காரர் இல்லை

அமெரிக்காவில் நூலகம், அருங்காட்சியகம் போன்ற இடங்களில் ஒரு வகை வரலாற்றுப் பேச்சு நடக்கும். பேசுபவர் அகலத் தொப்பியும் நெஞ்சில் வில்லையுமாக வந்து நின்று, "நான்தான் பாஸ் ரீவ்ஸ்" என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்த அமெரிக்கத் துணை மார்ஷலாகவே பேச ஆரம்பிப்பார். வாழும் வரலாறு என்று சொல்கிறார்கள், வேடமிட்ட வரலாற்றுரை என்றால் இன்னும் பளிச்சென்று புரியும். சரி, அந்தப் பேச்சைத் தமிழில் எழுதப் போனால் முதல் வரியிலேயே ஒரு சொல் வழிமறிக்கும்: மார்ஷல். சிலர் போலீஸ் அதிகாரி என்கிறார்கள், சிலர் ஷெரிஃப் என்கிறார்கள். இரண்டுமே பொருந்தாது.

பழைய பிராங்கிய மொழியில் மார்ஹ் என்றால் குதிரை, ஸ்கால்க் என்றால் பணியாள். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் மார்ஷல், அதாவது லாயத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அரசனுடைய பலமே குதிரைதான் என்றிருந்த காலத்தில் அந்த லாயக்காரனின் மதிப்பு ஏறிக்கொண்டே போய், பிரெஞ்சு அரசவையில் பெரும் பதவியாகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்து, கடைசியில் ஃபீல்டு மார்ஷல் வரை வந்து நின்றது. தமிழில் சேவகன் என்ற சொல் இதற்கு நேர் எதிராகப் பயணித்திருக்கிறது. சிவனைக் குதிரைச் சேவகன் என்று மாணிக்கவாசகர் பாடிய காலத்தில் அதற்கு வீரன் என்ற பொருள் உண்டு, இன்று வேலையாள் என்றுதான் காதில் விழுகிறது.

அமெரிக்க மார்ஷல் 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தில் பிறந்தவர். கூட்டரசு நீதிமன்றம் போடும் ஆணையை நிறைவேற்றுவதுதான் அவர் வேலை: அழைப்பாணையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பிடியாணை இருந்தால் ஆளைப் பிடித்துவந்து நிறுத்துவது. ஷெரிஃப் வேறு, அவர் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி ஒரு பகுதி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். ஷெரிஃப் என்பது ஷயர் ரீவ் என்பதன் திரிபு, அதற்குள் இருக்கும் ரீவ் என்பது பழைய ஆங்கிலத்தில் வட்டார அதிகாரியைக் குறிக்கும், நம்மூர் மணியக்காரர் மாதிரி. பாஸ் ரீவ்ஸின் பெயரிலும் அதே ரீவ்தான் இருக்கிறது, ஆனால் அது அவரை அடிமையாக வைத்திருந்த குடும்பத்தின் பெயர்.

அவர் 1838இல் ஆர்கன்சாவில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தப்பி, பூர்வகுடிகளின் நிலத்துக்குள் போய் வாழ்ந்து, அவர்கள் மொழிகளைக் கற்றுக்கொண்டார். 1875இல் ஆர்கன்சாவின் எல்லை நகரமான ஃபோர்ட் ஸ்மித்துக்கு நீதிபதி ஐசக் பார்க்கர் வந்தபோது, அந்தப் பரந்த நிலப்பரப்பில் ஆணைகளை நிறைவேற்ற நிறைய துணை மார்ஷல்களை வேலைக்கு எடுத்தார்கள், அவர்களில் ரீவ்ஸும் ஒருவர். எழுத்து படிக்கத் தெரியாது. புறப்படுவதற்கு முன் யாரையாவது பிடியாணைகளைப் படிக்கச் சொல்லி, எந்தத் தாள் யாருக்கு என்று மனதில் பதித்துக்கொண்டு, சமையல்காரரும் வண்டியுமாகக் கிளம்புவார். அந்த நாட்களில் மாதச் சம்பளம் கிடையாது, பிடித்த ஆளுக்கு இவ்வளவு, போன மைலுக்கு இவ்வளவு என்று கட்டணம்தான். 1902இல் ரீவ்ஸின் சொந்த மகனே தன் மனைவியைக் கொன்றபோது, அவனுக்கான பிடியாணையையும் ரீவ்ஸே கேட்டு வாங்கிப் போய்ப் பிடித்துவந்தார். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனத்துப்போகும்.

தமிழில் என்ன எழுதலாம்? நம் கோர்ட்டில் நோட்டீஸ் கொண்டுவருகிற அமீனா கொஞ்சம் கிட்ட வருகிறார், ஆனால் அவர் பார்ப்பது சிவில் வழக்குகள், துப்பாக்கியோடு குற்றவாளியைத் தேடிப் போவதில்லை. சட்டசபையில் உறுப்பினர்களை வெளியேற்றும் மார்ஷல்களை நம் பத்திரிகைகள் அவைக் காவலர்கள் என்றே எழுதுகின்றன, நல்ல சொல். அதே வழியில் நீதிமன்ற மார்ஷலுக்கு மன்றக் காவலர் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ராணுவப் பதவியான ஃபீல்டு மார்ஷலை மட்டும் அப்படியே விட்டுவிடலாம்.

ரீவ்ஸ் துணை மன்றக் காவலர். 1907இல் அந்தப் பூர்வகுடி நிலமும் சேர்ந்து ஓக்லஹோமா மாநிலமான பிறகு அந்த வேலை போய், மஸ்கோகி நகரப் போலீஸில் சேர்ந்து, 1910இல் இறப்பதற்குச் சற்று முன்பு வரை ரோந்து போனார். அந்தக் கடைசிக் காலத்துக்கு மட்டும் போலீஸ்காரர் என்று தாராளமாக எழுதலாம்.