முதிய நாய்களின் மூட்டுவலியும் வீட்டு மருந்துப் பெட்டியும்

டெல்லியில் டிசம்பர் குளிர் தொடங்கியதும் சிகிச்சைக்கு வரும் முதிய நாய்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. மின்தூக்கி இல்லாத குடியிருப்புகளிலிருந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலர், "வயசாயிடுச்சு டாக்டர், அதான் படி ஏற மாட்டேங்கிறான்" என்கிறார்கள். முதுமை நோயன்று. படியேற மறுப்பதும், எழும்போது பின்னங்கால் தடுமாறுவதும், ஒரே மூட்டை ஓயாமல் நக்குவதும் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் வலியால்தான். நாய்கள் அதற்காக அலறுவது அரிது.

வலியைப் புரிந்துகொண்ட வீடுகளிலும் அன்பே சில நேரம் ஆபத்தாக முடிகிறது. மயூர் விஹாரில் ஒரு தமிழ்க் குடும்பத்தினர், பாட்டியின் முழங்கால் வலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியைத் தங்கள் லாப்ரடாருக்குத் தினமும் தயிர்சாதத்தில் பிசைந்து கொடுத்துவந்தார்கள். சில நாட்களில் அது சோற்றைத் தொடவில்லை. காகிதத்தில் மடித்து அவர்கள் கொண்டுவந்த மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. அந்தக் கறுப்பு, இரைப்பைப் புண்ணிலிருந்து கசிந்து செரித்த இரத்தம். நாய் பிழைத்தது, ஆனால் அதன் சிறுநீரகங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்சென் போன்ற மனித வலி மாத்திரைகள், உடலில் வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருட்களைத் தடுக்கும்போது, இரைப்பைச் சுவரையும் சிறுநீரக இரத்த ஓட்டத்தையும் காப்பவற்றையும் சேர்த்தே தடுக்கின்றன. நாப்ராக்செனின் பாதியளவு மனித உடலிலிருந்து ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும். நாயின் உடலில் அதற்கு ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆவதால், தினமும் கொடுத்தால் மருந்து சேர்ந்துகொண்டே போகும். பாராசிட்டமாலின் அளவு மீறினால் கல்லீரலும் இரத்தச் சிவப்பணுக்களும் பாதிக்கப்படுகின்றன. முழங்காலில் பூசிய வலிக் களிம்பை நாய் நக்குவதையும் அனுமதிக்காதீர்கள்.

நாய்களுக்கென்று மெலோக்சிகாம், கார்ப்ரோஃபென் ஆகிய மருந்துகள் இருக்கின்றன. ஆனால் இங்கும் அளவே எல்லாம்: 10 கிலோ எடையுள்ள நாய்க்கு மெலோக்சிகாமின் தொடர் அளவு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம்தான், மனிதருக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வருகிறது. தொடங்கும் முன் சிறுநீரகம், கல்லீரல் இரத்தப் பரிசோதனை தேவை. தொடர்ந்து கொடுத்தால் அதைக் குறித்த இடைவெளியில் திரும்பச் செய்யவேண்டும். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

மருந்தைவிட நான் அதிகம் வற்புறுத்துவது எடையைத்தான். பருத்த நாயின் எடை 6 முதல் 8 விழுக்காடு குறைந்தாலே நொண்டல் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு ஜமுக்காளமும், குளிர் ஏறாத தடித்த படுக்கையும் உடனே செய்யக்கூடியவை.

மாத்திரையை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது தனியாகவே உயிருக்கு ஆபத்து. மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, எத்தனை, எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று குறித்து, நாய் நலமாகத் தெரிந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் வாருங்கள்.