கோச்: வண்டியா, வாத்தியாரா?

இந்தியக் கால்பந்து அணியை 2019 மே முதல் 2024 ஜூன் வரை வழிநடத்தியவர் குரோஷியாவின் இகோர் ஷ்டிமாட்ஸ். நம் செய்திகளில் ‘ஸ்டிமாக்’ என்று வந்தாரே, அவரேதான். அந்த ஐந்தாண்டும் அவரை ‘கோச்’ என்றோம், ‘பயிற்சியாளர்’ என்றோம். இரண்டு சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

‘கோச்’ ஆங்கிலத்துக்கும் இரவல் சொல்தான். ஹங்கேரியில், வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடைப்பட்ட வழியில் கோச் என்றே ஒரு சிற்றூர் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரைவண்டிகள் பேர்பெற்றவை. அந்த ஊர் வண்டி ‘கோச்சி’. காங்கேயம் என்றதும் நமக்குக் காளை நினைவுக்கு வருகிற மாதிரி, ஊர்ப்பெயர் வண்டிக்கு ஒட்டிக்கொண்டு ஐரோப்பா முழுக்கப் போனது. 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வில் தங்களைக் கரைசேர்க்கும் தனி ஆசிரியருக்கு அந்த வண்டியின் பெயரை வைத்தார்கள். 1860களில் அது விளையாட்டுக்கும் வந்துவிட்டது. ‘எஸ்-5 கோச் எங்கே நிற்கும்?’ என்று ரயில் நிலையத்தில் கேட்பதும், ‘கோச் வந்துட்டார்’ என்று மைதானத்தில் சொல்வதும் ஒரே சொல்.

ஷ்டிமாட்ஸின் தாய்மொழியிலும் அந்த வண்டி ‘கோச்சியா’ என்று இருக்கிறது. ஆனால் அங்கே அது வண்டியாகவே நின்றுவிட்டது. கிளப் அணிக்குப் பயிற்சி தருபவர் ‘ட்ரெனெர்’. நாட்டு அணியை நடத்துபவருக்கு வேறு பெயர், ‘இஸ்போர்னிக்’. ‘இஸ்போர்’ என்றால் தேர்வு. ஆக, இவர் தேர்ந்தெடுப்பவர். தேர்வுக்குழு வேறு, கோச் வேறு என்று கிரிக்கெட்டில் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாக இருக்கும். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கிறது. நாட்டு அணி வீரர்கள் ஆண்டில் பெரும்பகுதி கிளப்புகளிடம் இருக்கிறார்கள். கையில் கிடைக்கும் சில நாட்களில் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிட, சரியான ஆளைச் சரியான இடத்தில் நிறுத்துவதுதான் பெரிய வேலை.

ஷ்டிமாட்ஸ் இரண்டு பெயரிலும் வேலை பார்த்தவர். 1967இல் மெட்கோவிச்சில் பிறந்தார். நடுத் தடுப்பாட்டக்காரர். குரோஷியாவின் ஹைடுக் ஸ்ப்ளிட், ஸ்பெயினின் காடிஸ், இங்கிலாந்தின் டெர்பி கவுன்டி, வெஸ்ட் ஹாம் என்று பல கிளப்புகளுக்கு ஆடினார். குரோஷியாவுக்கு 53 ஆட்டங்கள். 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியில் இருந்தார். அப்புறம் ஹைடுக்கிலேயே ட்ரெனெர். 2012இல் குரோஷியாவின் இஸ்போர்னிக். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஸ்காட்லாந்திடம் தோற்றதும் பதவி போனது.

இந்தியாவில் அவர் வேலைக்கு ஒரே இரவைச் சாட்சி சொல்லலாம். 2019 செப்டம்பர் 10, தோஹா. எதிரில் ஆசியச் சாம்பியன் கத்தார். சுனில் சேத்ரிக்குக் காய்ச்சல், களத்தில் இல்லை. கோல்காப்பாளர் குர்பிரீத் சிங் சந்து தலைவராக நின்று, வந்த பந்தையெல்லாம் தட்டித் தள்ளினார். 0–0. ஐந்தாண்டு கழித்து, 2024 ஜூனில், அதே தோஹாவில் கத்தார் போட்ட முதல் கோலுக்கு முன் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. நடுவர் கோல் கொடுத்துவிட்டார். 2–1 தோல்வி, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து வெளியேற்றம், சில நாளில் பதவி நீக்கம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பயிற்சியாளர்’ தவறில்லை, ஊரெல்லாம் வழங்குகிறது. ஆனால் பயிற்சி தருபவரா, பெறுபவரா என்பது அதில் தெளிவாக இல்லை. பயில் என்பது தானே கற்பது. பயிற்று என்பது பிறரைக் கற்கவைப்பது. மைதானத்தில் ஓடுகிறவர் பயிலுநர், ஓரத்தில் நின்று குரல் கொடுப்பவர் பயிற்றுநர். சிலம்பக் களத்தில் ஆசான், வாத்தியார் என்கிறார்களே, அவையும் நல்ல சொற்கள். கால்பந்துக்கு அவற்றைக் கொண்டுவந்தால் எனக்குச் சந்தோஷம்தான். எழுத்தில் நான் ‘பயிற்றுநர்’ என்பேன். நாட்டு அணி என்றால் ‘தலைமைப் பயிற்றுநர்’. இதைச் சிலர் ‘பயிற்றுனர்’ என்று எழுதுகிறார்கள். ஓட்டுநர், இயக்குநர் போல இங்கும் ‘நர்’தான்.