‘ஷட் டவுன்’ செய்தும் அணையாத கணினி

உதவி இலக்கத்துக்கு அழைத்து, இசையையே நெடுநேரம் கேட்ட பிறகு வரும் முதற் கேள்வி: “ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?” “ஒவ்வொரு நாளும் ஒஃப் பண்ணிப்போட்டுத்தானே படுக்கிறன்!” என்று எரிச்சலோடு பதில் போகும். இருவரும் பொய் சொல்லவில்லை. பேசுவதுதான் வெவ்வேறு காரியங்களைப் பற்றி.

2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ அழுத்தினால் நீங்கள் திறந்துவைத்த செயலிகள் மூடப்படும். ஆனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலும், பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்களும் அப்போதிருந்த நிலையிலேயே வன்தட்டில் ஒரு கோப்பாக எழுதப்படும். காலையில் அந்தக் கோப்பு அப்படியே நினைவகத்துக்குத் திரும்புகிறது. நேற்றுக் குழம்பிய பிரிண்டர் டிரைவர் இன்றும் அதே குழப்பத்தோடுதான் எழும்பும். ‘ரீஸ்டார்ட்’தான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பெயரைப் பார்த்தால் எவருக்கும் மறுவளமாகத்தான் தோன்றும். இந்தக் குழப்பத்துக்குப் பாவனையாளரைக் குறை சொல்ல முடியாது.

சோதிப்பது எளிது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் ‘சிபியு’வைத் தெரிவுசெய்யுங்கள். ‘அப் டைம்’ 9 நாள் என்று காட்டினால், இரவில் ஒஃப் ஆன உங்கள் கணினி 9 நாளாக முழுமையாக அணையவில்லை. ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ‘ஷட் டவுன்’ அழுத்தினால் உண்மையாகவே அணையும். இந்த வசதியையே நிரந்தரமாக நிறுத்த, கொன்ட்ரோல் பனலின் ‘பவர் ஒப்ஷன்ஸ்’ பகுதியில், பவர் பொத்தான் என்ன செய்யவேண்டும் என்று தெரிவுசெய்யும் பக்கத்தில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’புக்கு எதிரேயுள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் உள்ள கணினியில் இதனால் இழப்பது சில நொடிகளே.

அடுத்தது, ‘இன்டர்நெட் பிழை’ என்று தவறாகப் பெயர் வாங்கும் ஒன்று. வைஃபை இருக்கிறது, ஆனால் வங்கித் தளம், மின்னஞ்சல் எல்லாமே ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்கின்றன. ரவுட்டரைத் தொடுமுன் திரையின் மூலையிலுள்ள திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. உலாவி அவற்றைக் கணினியின் கடிகாரத்தோடு ஒப்பிடும். கடிகாரம் 2018இல் நின்றால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று.

காரணம் பெரும்பாலும் கணினியின் தாய்ப்பலகையான மதர்போட்டிலுள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ற் பொத்தான் பற்றரி. சுவரில் மின் இருக்கும்வரை பவர் சப்ளையே கடிகாரத்தை ஓட்டும். நம் வீடுகளில் பிளக் சுவிட்சையும் இரவில் அணைப்பதால், முழுப் பாரமும் பற்றரியின் தலையில். மல்டிமீற்றரில் 2.8 வோல்ற்றுக்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். கூட்டல் குறி உள்ள பக்கம் வெளியே தெரியவேண்டும். லப்டொப்பில் இது வயரோடு வருவதுண்டு, அதைக் கடைக்காரரிடம் விடுவது நல்லது.

விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் நினைவகத் தகடான ரேமைச் சந்தேகியுங்கள். கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளின் உப்புக் காற்றும் ஈரப்பதனும் அதன் தொடுமுனைகளில் மெல்லிய படலத்தை ஏற்படுத்தும். சூடாகி ஆறும்போது முனைகள் நூலளவு அசைவதும் தொடுகையைக் கெடுக்கும். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை 15 நொடி அழுத்தி மிச்ச மின்னை வடியவிடுங்கள். கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரேமை எடுத்து, மென்மையான வெள்ளை அழிறப்பரால் தங்க முனைகளைத் தேயுங்கள். மை அழிக்கும் கரடான அழிறப்பர் தங்கப் பூச்சையே உரித்துவிடும். துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். பாதி இறங்கிய ரேமும் இதே கறுப்புத் திரையைத்தான் தரும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் உயிராபத்தான மின் தங்கியிருக்கலாம்.

அப்போதும் படம் வராவிட்டால், இரண்டு ரேம்களில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எந்த ரேமில், எந்தத் துளையில் படம் வந்தது என்று குறித்துக்கொண்டு யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்குப் போங்கள். “கொம்பியூட்டர் வேலை செய்யேல்ல” என்று சொல்லிப் பெட்டியை நீட்டினால் பேச்சு ‘மதர்போட்டை மாற்றவேணும்’ என்றுதான் தொடங்கும்.