கல்லீரல் பார்க்கும் கடிகாரம்

ஸ்பெயினில் இரவு ஒன்பதரை, பத்து மணிக்குத்தான் சாப்பிட உட்காருகிறார்கள். நார்வேயில் அன்றைய பெரிய சாப்பாடே மாலை ஐந்து மணிவாக்கில் முடிந்துவிடுகிறது. ‘உடல் எல்லோருக்கும் ஒன்றுதானே, பசி மட்டும் நாட்டுக்கு நாடு எப்படி நேரம் மாறி எடுக்கிறது?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விடையில் பாதி சுவரில் மாட்டிய கடிகாரத்தில் இருக்கிறது, மீதி கல்லீரலில்.

சுவர்க் கடிகாரத்தை முதலில் முடித்துவிடலாம். ஸ்பெயின் 1940-இல் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனியின் நேரத்துக்கு மாறியது. பிறகு திரும்பவே இல்லை. அந்த நேரம் 15 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. மாட்ரிட் நகரமோ கிரீன்விச்சுக்கும் மேற்கே, கிட்டத்தட்ட 3.7 டிகிரியில் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். எனவே 18.7 டிகிரிக்கு 75 நிமிட வித்தியாசம். கோடையில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுவார்கள். ஆகவே கோடையில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் இரண்டே காலுக்கு! இரண்டரை மணிக்கு மதிய உணவு உண்பவர், சூரியனைக் கேட்டால், கிட்டத்தட்ட நண்பகலில்தான் உண்கிறார். சீனாவின் மேற்குக் கோடியில் உள்ள காஷ்கரிலும் இதே கதைதான். நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றே என்பதால், அங்கே உச்சிவெயில் கிட்டத்தட்ட மூன்று மணிக்கு. அதனால் சின்ஜியாங்கில் பலர் பெய்ஜிங் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்த ஓர் உள்ளூர் நேரத்தையே அன்றாடம் பின்பற்றுகிறார்கள்.

ஆனால் கடிகாரக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடாது. மாட்ரிட்டின் ஒன்பதரை மணியும் ஆஸ்லோவின் ஐந்து மணியும் நாலரை மணி நேர இடைவெளி. இரண்டையும் சூரிய நேரத்துக்கு மாற்றினாலும் மூன்றரை மணி நேரம் மிச்சம் நிற்கிறது. அது பழக்கத்தால் வந்தது. அந்தப் பழக்கத்தை உடல் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

மூளைக்குள், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. உடலின் மையக் கடிகாரம் அதுதான். கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு நேரம் சரிசெய்துகொள்ளும். இது பலருக்கும் தெரிந்த செய்தி. அதிகம் பேசப்படாதது வேறொன்று: கல்லீரல், கணையம், குடல், கொழுப்புத் திசு என்று ஏறக்குறைய எல்லா உறுப்பின் செல்களுக்குள்ளும் தனித்தனியாக ஒரு கடிகாரம் ஓடுகிறது. கல்லீரல் ஒளியைப் பார்ப்பதில்லை. சோற்றைப் பார்க்கிறது.

அந்தக் கடிகாரத்தின் உறுப்புகள் நான்கு புரதங்கள். கிளாக், பிமால்1 என்ற இரண்டும் சேர்ந்து டி.என்.ஏ.வில் அமர்ந்து, பீரியட், கிரிப்டோகுரோம் என்ற வேறு இரண்டு புரதங்களின் மரபணுக்களை முடுக்கிவிடும். அந்தப் புரதங்கள் மெல்ல மெல்லச் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, தங்களை உருவாக்கச் சொன்ன முதல் இரண்டையும் அடக்கிவிடும். உற்பத்தி நிற்கும். ஏற்கெனவே சேர்ந்தவை சிதையும். அடக்க ஆளில்லாமல் போனதும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பழ ஈக்களிடம் இந்தச் சுற்றைக் கண்டறிந்ததற்குத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் உணவு எங்கே வருகிறது? இரண்டு பக்கமும் வருகிறது. அதுதான் இந்த அமைப்பின் அழகு. நீங்கள் சாப்பிட்டதும் இன்சுலின் சுரக்கிறது. இன்சுலின் செல்லுக்குச் சர்க்கரையைத் தருவதோடு நிற்பதில்லை, பீரியட் புரதத்தின் உற்பத்தியையும் கூட்டுகிறது. மாறாக, நெடுநேரம் சாப்பிடாமல் இருந்தால் செல்லில் ஆற்றல் குறைகிறது. அப்போது ஏ.எம்.பி.கே. என்ற நொதி விழித்துக்கொண்டு கிரிப்டோகுரோம் புரதத்தைச் சிதைவுக்கு அனுப்புகிறது. சாப்பாடு ஒரு முள்ளை ஏற்றுகிறது, பட்டினி இன்னொரு முள்ளை இறக்குகிறது. ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் பெரிய உணவுதான் வலுவான சமிக்ஞை. எலிகளிடம் சோதித்தபோதும் அப்படித்தான் தெரிந்தது: பட்டினி நீளமாகவும் அடுத்து வரும் உணவு பெரியதாகவும் இருந்தால், கல்லீரல் அந்த வேளையையே ‘காலை’ என்று கொள்கிறது.

எலிகள் இரவில் நடமாடும் விலங்குகள். அவற்றுக்குப் பகலில் மட்டும் உணவு கொடுத்த ஜெனீவா ஆய்வாளர்கள் 2000-இல் ஒன்றைக் காட்டினார்கள். சில நாட்களில் கல்லீரல் கடிகாரம் தலைகீழாகப் புரண்டுவிட்டது. மூளையின் மையக் கடிகாரமோ அசையவே இல்லை. ஒரே உடலில் இரண்டு நேரங்கள்!

இந்தப் புதிரின் வேர் இன்னும் பழையது. 1922-இல் கர்ட் ரிக்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர், தினமும் குறித்த வேளையில் உணவு பெறும் எலிகள் அந்த வேளைக்கு முன்பே பரபரப்பாக ஓடத் தொடங்குவதைக் கவனித்தார். 1979-இல் மையக் கடிகாரத்தையே அகற்றிய எலிகளிடமும் அந்த முன்பரபரப்பு இருப்பது தெரிந்தது. உணவு நேரத்தைக் கணிக்க ஒளிக் கடிகாரம் தேவையில்லை.

மனிதர்களிடம்? இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் 10 இளைஞர்களுக்கு மூன்று வேளை உணவையும் 5 மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். தூக்கமும் ஒளியும் மாறவில்லை. ஆறு நாட்களில், ரத்தச் சர்க்கரையின் தினசரி ஏற்ற இறக்கம் 5.7 மணி நேரம் தள்ளிப்போனது. மையக் கடிகாரத்தின் அடையாளமான, இரவில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் அசையவில்லை. கொழுப்புத் திசுவில் பீரியட் மரபணுவின் தாளம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகர்ந்தது. ஒரே உடலில் மூன்று உறுப்புகளுக்கு மூன்று வேகம்.

பசி உணர்வும் இப்படிப் பயின்றதுதான். கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இரைப்பை சுரக்கும் இந்த ஹார்மோன், வழக்கமான சாப்பாட்டு வேளைக்கு முன் உயர்கிறது. முழுநாள் பட்டினி கிடப்பவரிடமும் அந்தந்த வேளையில் உயர்ந்து, எதையும் உண்ணாமலே தானாக இறங்கிவிடுகிறது. நேரம் தவறினால் வரும் கடும்பசி ஒரு மணி நேரம் பொறுத்தால் மங்குவது இதனால்தான். வயிறு காலியாக இருப்பதை விட, ‘இது சாப்பாட்டு நேரம்’ என்பதே அந்தப் பசியின் பெரும் பகுதி.

அப்படியானால் எந்த நேரத்துக்கும் பழகிக்கொள்ளலாமா? பசியைப் பழக்கலாம், கணையத்தை முழுதாகப் பழக்க முடியாது. காலையில் உண்ட அதே உணவை மாலையில் உண்டால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் ஏறத் தொடங்கும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் அதற்கான ஏற்பிகள் உண்டு. அவை சுரப்பைக் குறைக்கின்றன. ஸ்பெயினில் 845 பேரிடம் செய்த ஆய்வில், தூக்கத்துக்கு 1 மணி நேரம் முன் குளுக்கோஸ் கொடுத்தபோது, 4 மணி நேரம் முன் கொடுத்ததை விட இன்சுலின் 6.7 சதவீதம் குறைவாகவும் சர்க்கரை 8.3 சதவீதம் கூடுதலாகவும் இருந்தது. ஆகவே மாட்ரிட்காரர் ஒன்பதரைக்கு உண்டு ஒரு மணிக்குத் தூங்கினால் பெரிய கேடில்லை. ஒன்பதரைக்கு உண்டு பத்தரைக்குப் படுப்பவருக்குத்தான் சிக்கல். ‘ஏழு மணிக்கு மேல் சாப்பிடாதே’ என்று எல்லோருக்கும் ஒரே மணியை விதிக்கும் அறிவுரைகள் இதனால் பயனற்றவை. தூக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மணி நேரம் இருந்தால் நல்லது.

சர்ரே ஆய்வில் 10 பேர், கீழே வரும் இரவுப் பணி ஆய்வில் 19 பேர் என்று ஆய்வக ஆய்வுகள் இத்தனை சிறியவையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவரை நாட்கணக்கில் ஆய்வகத்தில் தங்கவைத்து, மங்கிய ஒளியில் மணிக்கொரு முறை ரத்தம் எடுப்பது பெரும் செலவு. முடிவில் கிடைப்பது ‘எப்போது சாப்பிடலாம்’ என்ற தகவல். அதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, எனவே மருந்து நிறுவனங்களுக்கு அதில் ஆர்வம் குறைவு. அரசுப் பணம்தான் இந்த இடத்துக்கு வர வேண்டும். இரவுப் பணிக்கு ஆட்களை அனுப்பும் எந்த அரசுக்கும் அந்தக் கடமை இருப்பதாகவே நினைக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டியவர்களுக்கு, இதுவரை சொன்ன இயக்கத்திலிருந்து சில குறிப்புகள். ஒரு வேளையை மட்டும் நகர்த்தினால் போதாது, எல்லா வேளைகளையும் சேர்த்து நகர்த்த வேண்டும். இரவு உணவுக்கும் மறுநாள் முதல் உணவுக்கும் நடுவே 12 மணி நேரமாவது விடுங்கள். முதல் உணவு சிறு கொறிப்பாக இல்லாமல் முழுச் சாப்பாடாக இருக்கட்டும். இந்த இடைவெளியில் பாலும் சர்க்கரையும் சேர்த்த ஒரு தேநீர் கூட இன்சுலினைத் தூண்டி சமிக்ஞையைக் குழப்பும். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சர்க்கரையில்லாத கறுப்புக் காபி இன்சுலினைப் பெரிதாகத் தூண்டாது. ஆனால் தூங்குவதற்கு 3 மணி நேரம் முன் குடித்தால் மையக் கடிகாரத்தையே சுமார் 40 நிமிடம் பின்னுக்குத் தள்ளிவிடும்.

விமானத்தில் கிழக்கே ஆறு மணி நேரம் கடப்பவர், போய்ச் சேரும் ஊரின் இரவு நேரத்தில் தட்டு நீட்டப்பட்டாலும் மறுத்துவிட்டு, அங்கே காலை ஆனதும் நன்றாக உண்ணலாம். ஒளியில் மட்டும் கவனம் தேவை. வழக்கமாக ஏழு மணிக்கு எழுபவருக்கு, முதல் நாள் அந்த ஊரின் காலை பதினொரு மணி வரை உடலில் இன்னும் பின்னிரவு. அதற்கு முன் படும் வலுவான வெயில் மையக் கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளும். அதுவரை கறுப்புக் கண்ணாடி உதவும்.

இரவுப் பணியாளர்களுக்கு 2021-இல் வந்த ஓர் ஆய்வு பயன்படும். 19 பேரைச் செயற்கையான இரவுப் பணிக்கு உட்படுத்தினார்கள். இரவிலும் உண்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. பணிக்குப் போகுமுன் முழு உணவு, நள்ளிரவில் தண்ணீர், தாங்காவிட்டால் கைப்பிடிக் கொட்டை வகை, விடிந்தபின் மிதமான உணவு என்று வைத்துக்கொள்ளலாம். இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. மருந்தின் அளவும் வேளையும் பழைய சாப்பாட்டு நேரத்தைக் கணக்கிட்டு எழுதப்பட்டவை. சோற்றை மட்டும் நகர்த்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மருத்துவரிடம் காட்டி இரண்டையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.